ரோமன் பிளைண்டுக்கு ‘அடுக்குச்சீலை’ பொருந்துமா?

வணக்கம் அண்ணன்,

ரோமன் பிளைண்ட் என்ற யன்னல் சீலைக்குத் தமிழ்ப் பெயராக நீங்கள் சொன்ன ‘மடிப்புத்திரை’ தையல்காரரிடம் எடுபடாது. யன்னல் சீலைக்கு மடிப்பு வையுங்கள் என்றால் மட்டக்களப்பில் தலைப்பைப் பிடித்துத் தைத்துக் கொளுக்கி மாட்டித் தந்துவிடுவார்கள். ‘உரோமத்திரை’ என்றால் மயிர்தான் நினைவுக்கு வரும். கயிற்றை இழுத்ததும் துணி கீழிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு ஏறுகிறது. அதனால் ‘அடுக்குச்சீலை’ என்கிறேன். சுருண்டு ஏறும் சீலையைச் ‘சுருள்சீலை’ என்று பிரித்துவிடலாம்.

—

தங்கச்சி, லைனிங் வைத்துத் தைத்ததையும் ‘இரண்டு அடுக்கு’ என்றுதானே சொல்கிறோம்? குழப்பம் வராதா? சீலையின் உறுப்புகளுக்கும் பெயர் வைத்துப் பாருங்கள், அப்போதுதான் சொல் நிற்குமா என்று தெரியும்.

—

அண்ணன், லைனிங்கைச் சொல்லும்போது எண்ணோடுதான் சொல்வோம். ‘லைனிங் வைத்த அடுக்குச்சீலை’ என்று எழுதினால் தெளிவாகவே இருக்கிறது.

தைத்து முடித்த அளவு 90 செ.மீ. அகலம், 120 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். சலாகையை, அதாவது மெல்லிய குச்சியைச் செருகப் பின்பக்கம் குறுக்காகத் தைக்கும் குழலைச் ‘சலாகைப் பை’ என்கிறேன். கீழ் விளிம்பிலிருந்து 11, 31, 51, 71, 91 செ.மீ. உயரங்களில் ஐந்து பைகள். அடிப்பகுதி, பைகளுக்கு இடையிலான 20 செ.மீ. தூரத்தில் பாதியைவிட ஒரு செ.மீ. கூடுதலாக இருந்தால்தான் ஏற்றிய பின் மற்ற அடுக்குகளுக்குக் கீழே நேராக எட்டிப் பார்க்கும். ஒரு பை 3 செ.மீ. துணியை இழுக்கும். ஆகவே நீளத்துக்கு 120, பைகளுக்கு 15, தலைக்கு 5, அடிமடிப்புக்கு 8, மொத்தம் 148 வெட்ட வேண்டும். அகலம் 100, பக்கத்துக்கு 2.5 செ.மீ. இரட்டை மடிப்பு.

மருதமுனைக் கைத்தறிப் பருத்தி அழகாக விழும். ஆனால் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். தைத்த பின் சுருங்கினால் பை இறுகிச் சலாகை வளையும். இழை ஒன்றை உருவி அந்தத் தடத்தில் வெட்டினால் கோணாது.

சீலை ஒருபக்கம் சரிந்து ஏறினால் பெரும்பாலும் பைகள் இணையாக இல்லை, அல்லது கயிறுகளின் இழுவை ஒன்றாக இல்லை. முந்திய பையிலிருந்து அடுத்ததை அளந்தால் சிறு பிழையும் கூடிக்கொண்டே போகும். பைகளுக்குப் போகும் துணியையும் கூட்டி எல்லாக் கோட்டையும் கீழ் விளிம்பிலிருந்தே குறியுங்கள்.

‘ஏற்றுகயிறு’ மூன்று: இரு ஓரத்திலும் 5 செ.மீ. உள்ளே, ஒன்று நடுவில். பைகளில் தைத்த வளையங்களில் அடி வளையத்தில் மட்டும் முடிச்சு. மற்றவற்றுக்குள்ளால் ஓடி, மேலே சீலையைத் தாங்கும் மரச்சட்டமான ரீப்பையில் உள்ள வளையக் கண்களைக் கடந்து ஒரு பக்கமாக வரும். வளையம் பித்தளை அல்லது பிளாஸ்டிக். கடற்கரை வீட்டில் இரும்பு துருவேறித் துணியில் கறை போடும். கச்சான் காற்று அடிக்கும் பக்கமென்றால் அடிமடிப்புக்குள் அலுமினியப் பட்டை வையுங்கள்.

கயிறு சுற்றும் ‘கயிற்றுக்கொழுவி’ தரையிலிருந்து ஒன்றரை மீற்றருக்கு மேல் இருக்க வேண்டும். தொங்கும் கயிறு குழந்தையின் கழுத்தில் சுற்றி உயிரையே எடுக்கும். சொல்லின் விளக்கக் குறிப்பிலும் இந்த எச்சரிக்கையைச் சேர்த்துவிடுங்கள், அண்ணன்.