அட்டன் டவுனில் கட்டிடத்துக்குக் கட்டிடம் மேல்நடைபாதை சரிவருமா?

மழைச்சாரல்:
ஜூன், ஜூலை வந்தால் இலங்கை மலையகத்து நம்ம அட்டன் டவுனில் நடக்கிற கஷ்டம் உங்களுக்கே தெரியும். நேற்று அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஒரு கையில் குடை, மறுகையில் அம்மா, எதிரே வருகிறவர்களின் குடைக்கம்பி முகத்தில் இடிக்கிறது, ரோட்டில் இறங்கினால் பஸ் சேற்றுத் தண்ணியை வாரி அடித்துவிட்டுப் போகிறது. டாக்டரிடம் போய்ச் சேரும்போது அம்மாவின் சேலை முழங்கால் வரை ஈரம். கனடாவில் கல்கரியில் கட்டிடங்களை மாடி மட்டத்தில் மூடிய பாலங்களால் இணைத்திருக்கிறார்களாம். பஸ் ஸ்டாண்ட், மார்க்கெட், கடைகளை நாமும் அப்படி இணைத்தால் என்ன?

தலவாக்கலையான்:
தங்கச்சி, நான் ஏழு வருடமாகக் கல்கரியில்தான் இருக்கிறேன். அதற்குப் பெயர் பிளஸ் 15, ரோட்டிலிருந்து சுமார் 15 அடி உயரத்தில் போவதால். 1970ல் தொடங்கி இப்போது ஏறக்குறைய 16 கிலோமீட்டர் ஆகிவிட்டது. மைனஸ் 25 குளிரிலும் ஜாக்கெட் போடாமல் சாப்பாட்டுக் கடைக்குப் போய் வருகிறோம், அந்தச் சுகத்தை மறுக்க முடியாது. ஆனால் சனம் மேலேயே நடப்பதால் கீழே ரோட்டோரம் வெறிச்சென்று கிடக்கிறது, இரவில் பாலங்களைப் பூட்டியும் விடுகிறார்கள். நம்ம டவுனில் சாக்கு விரித்து கோவா, லீக்ஸ் என்று மரக்கறி விற்கிற அக்காமாருக்கு அந்த நிலை வரக்கூடாது.

கொத்தனார் மகன்:
படி ஏறித்தான் போக வேண்டும் என்றால் பாலத்தை யாரும் பாவிக்க மாட்டார்கள், ரோட்டின் குறுக்கேதான் ஓடுவார்கள். ஆனால் மலை நமக்கு ஒரு வசதி தந்திருக்கிறது. கீழ் ரோட்டில் மூன்று மாடியாக நிற்கிற கடைக்கு மேல் ரோட்டிலிருந்து நேராக மேல்மாடிக்குள் நுழையலாம், நடுவில் ஒரு சின்ன கொங்கிரீட் ஸ்லாப் போதும், என் அப்பாவே அப்படி எத்தனையோ போட்டிருக்கிறார். அதை வெளியே எல்லாரும் நடக்கிற வழியாகத் திறந்துவிட்டு, கடைக்குள் ஒரு லிப்டும் வைத்தால், அது மேல் ரோட்டையும் கீழ் ரோட்டையும் இணைத்துவிடும். ஹொங்கொங்கில் 1993ல் திறந்த மலையேறும் எஸ்கலேட்டர் வழியும் இதே யோசனைதான்: சுமார் 800 மீட்டர் நீளம், 135 மீட்டர் ஏற்றம், காலையில் வேலைக்குப் போகிறவர்களுக்காகக் கீழ்நோக்கி ஓடும், பத்து மணிக்குப் பிறகு மேல்நோக்கி. நமக்கு அவ்வளவு பெரிசு வேண்டாம். ஒன்று மட்டும், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அனுமதி எடுக்காமல் ஒரு தூண் கூட நடக்கூடாது. மழைத்தண்ணி போக வழியில்லாமல் அணைச்சுவர் வயிறு தள்ளி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

முழங்கால் வலி அக்கா:
லிப்ட் கட்டாயம் வேண்டும், கரண்ட் போனாலும் ஓட வேண்டும். சென்னை தி.நகரில் 2023ல் மாம்பலம் ஸ்டேஷனையும் பஸ் ஸ்டாண்டையும் இணைத்து சுமார் 570 மீட்டருக்கு ஆகாய நடைபாதை திறந்தார்கள். போன வருடம் நடந்து பார்த்தேன், கூரை இருக்கிறது, நெரிசலில் இடிபடாமல் போகலாம். நம்ம மழை சாய்ந்து அடிக்கும், அதனால் கூரை மட்டும் போதாது, பக்கமும் அடைக்க வேண்டும்.

மழைச்சாரல்:
அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. அப்போ டவுன் முழுக்க வேண்டாம், மேல் ரோட்டையும் கீழ் ரோட்டையும் இணைக்கிற ஒரே ஒரு வழி கேட்போம். ஞாயிற்றுக்கிழமை டேப்பும் கொப்பியும் கொண்டுபோய், எந்தெந்தக் கடைக்கு மேல் ரோட்டிலும் வாசல் இருக்கிறது என்று குறிக்கப்போகிறேன். கொத்தனார் மகன் அண்ணா, கூட வர முடியுமா?