நிலவேம்பு எக்ஸ்ட்ராக்ட், எம்டிடி டெஸ்ட்ல (உயிருள்ள செல் எவ்வளவுன்னு கலர் வச்சு பாக்குற டெஸ்ட்) குழப்பம், யாராவது உதவுங்க

வணக்கம் அண்ணா, அக்கா எல்லாருக்கும். ப்ராஜெக்ட்டுக்கு நிலவேம்பு இலையோட மெத்தனால் எக்ஸ்ட்ராக்ட் எடுத்து கேன்சர் செல்லுல போட்டு பாக்குறேன், அதுல இருக்குற ஆண்ட்ரோகிராஃபோலைட்ங்கிற பொருள், செல்லுல வீக்கத்தை தூண்டுற என்எஃப் கப்பா பி-ங்கிற புரோட்டீனை அடக்குது, அதனால வீக்கம் குறையுதுன்னு நல்லாவே தெரிஞ்ச விஷயம்தான், ஆனா எனக்கு வர்ற பிரச்சனை வேற.

செல்லே போடாத வெல்லுல (ப்ளேட்ல இருக்குற குழியில) எக்ஸ்ட்ராக்டும் எம்டிடியும் மட்டும் விட்டாலும் ஊதா கலர் வருது. டோஸ் கூட கூட கலரும் அழுத்தமாகுது. செடியில இருக்குற பாலிஃபீனால் எல்லாம் நேரடியா எம்டிடியை ஃபார்மசானா (அந்த ஊதா கலர் பொருளா) மாத்திடும்ங்கிறதால செத்த செல்லும் உயிரோட இருக்குற மாதிரி 570 நானோமீட்டர்ல ரீடிங் காட்டும்ல? அப்போ எம்டிடி விடுறதுக்கு முன்னாடி மீடியத்தை எடுத்துட்டு பிபிஎஸ் (உப்புக் கரைசல்) போட்டு கழுவினா போதுமா, இல்ல செல்லோட புரோட்டீனை சாயம் வச்சு அளக்குற எஸ்ஆர்பி டெஸ்டுக்கே மாறிடவா? கழுவும்போது பாதி செல் உரிஞ்சு போயிடுமோன்னு பயமா இருக்கு.

இன்னொண்ணு, ரா 264.7 செல்லுல (சுண்டெலியோட மேக்ரோஃபேஜ்ங்கிற நோய் எதிர்ப்பு செல்) வீக்கத்தை தூண்ட எல்பிஎஸ்ங்கிற பாக்டீரியா பொருளை குடுத்து, வீக்கத்தோட அடையாளமான நைட்ரிக் ஆக்சைடு பாத்தேன், நல்லா குறையுது, ஆனா அது வீக்கம் குறையுறதாலயா இல்ல செல்லே சாகுறதாலயான்னு எப்படி பிரிச்சு சொல்றது, அதே ப்ளேட்லயே உயிருள்ள செல் எவ்வளவுன்னு பாக்குறீங்களா?

நித்தியகல்யாணில இருந்து வின்கிறிஸ்டின் வந்து இன்னைக்கும் ரத்தப்புற்றுக்கு குடுக்குறாங்க, அந்த மாதிரி ஒரு செடியை நம்பி வேலை செய்றோம், தப்பான நம்பரை எழுதிடக்கூடாது. எக்ஸ்ட்ராக்டை கரைக்கிற டிஎம்எஸ்ஓ 0.5 சதவீதத்துக்கு கீழதான் வச்சிருக்கேன். மூலிகை எக்ஸ்ட்ராக்ட்ல கை வச்சவங்க உங்க கண்ட்ரோல் வெல் எப்படி வைக்கிறீங்கன்னு கொஞ்சம் விவரமா சொல்லுங்க ப்ளீஸ்.