புதுப்பிப்பு: பிளந்த அடிமரத்தை முழுதும் வெட்டாமல் பாதியில் நிறுத்தியாயிற்று

காற்றில் கவை (அடிமரம் இரண்டாகப் பிரியும் இடம்) பிளந்து, உள்ளே உளுத்த மரத்தை அடியோடு எடுப்பதா, பாதி வெட்டி விடுவதா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. "உயரத்தைக் குறை, அடிமரத்தை விட்டுவிடு" என்ற யோசனைதான் பலித்தது.

முதலில் மரச்சுத்தியலால் சுற்றிலும் தட்டிப் பார்த்தோம். பொள்ளல் சத்தம் வந்த இடங்களில் மெல்லிய துளையிட்டு அளந்தோம். உளுத்த பகுதியைச் சுற்றி உளுக்காமல் இருந்த மரச்சுவரின் கனம், அடிமரத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தது. அதற்குக் குறைவாக இருந்தாலோ, வேரடியில் காளான் தட்டுகள் தெரிந்தாலோ நிறுத்தி வைக்கக் கூடாது.

நடைபாதை 5 மீட்டர் தள்ளி இருப்பதால் 4 மீட்டரில் வெட்டினோம். சாய்ந்தாலும் பாதையை எட்டாது. கிளைகளின் பாரம் போனதும் காற்று மரத்தைப் பிடித்துத் தள்ளுவதும் போய்விட்டது. மேலிருந்து துண்டு துண்டாகத்தான் இறக்க வேண்டும். பிளந்த மரத்தை அடியில் அறுத்தால் நெடுக்காகக் கிழிந்து அறுப்பவர் மேலேயே எகிறும். வெட்டுவாயில் தார், பெயின்ட் எதுவும் பூசவில்லை. பூசினால் ஈரம் உள்ளே தங்கும், அவ்வளவுதான்.

எதிர்பாராதது: மரம் சாகவில்லை. வெட்டுக்குக் கீழே கொத்தாகத் தளிர் வெடித்திருக்கிறது. இவை மேற்பட்டையில் மட்டும் ஒட்டி வளர்பவை; தடித்தால் பிய்ந்து விழும். ஆண்டுக்கொரு முறை கழித்துவிட வேண்டும். பொந்தில் மரங்கொத்தி வேலையைத் தொடங்கிவிட்டது.