1986 மயாமிச் சண்டை: பிழை ரவையிலா, போன விதத்திலா?

உவர்மலை:
அண்ணாமார், திருகோணமலையில் வங்கிக் காசு வான்களோடு போகும் காவலாளிகளுக்கு ஒரு வகுப்பு எடுக்க வேண்டியிருக்கு. ஆளுக்கொரு 9 மி.மீ. பிஸ்டல், வானுக்கொரு 12 போர் பம்ப் சொட்கன். 1986 ஏப்ரல் 11 மயாமியில் எஃப்.பி.ஐ. காரர் 8 பேரும் வங்கிக் கொள்ளையர் இருவரும் சுட்டுக்கொண்டதை உதாரணமாக எடுக்க யோசிக்கிறேன். எங்கு வாசித்தாலும் "9 மி.மீ. கைவிட்டது, அதனால்தான் 2 அதிகாரிகள் செத்தார்கள்" என்றே கிடக்கு. அது சரியா? பம்ப் துவக்கை வானில் எந்த நிலையில் வைப்பது என்றும் சொல்லுங்கோ.

சீனன்குடா:
அரைவாசிதான் சரி, தம்பி. கொள்ளையரில் ஒருவனான பிளாட் என்பவன் கார் ஜன்னலால் ஏறி வெளியே வரும்போது டவ் என்ற அதிகாரியின் பிஸ்டலிலிருந்து 115 கிரெய்ன் சில்வர்டிப் சன்னம் ஒன்று அவனுடைய வலது மேற்கையில் பட்டது. கைக்குள்ளால் போய், நெஞ்சுக்குள் இறங்கி, நுரையீரலைக் கிழித்து, இதயத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. அந்தச் சன்னம் சீக்கிரம் விரிந்து ஆழம் போகாமல் நிற்கவென்றே செய்யப்பட்டது, செய்த வேலையைத்தான் செய்தது. இடையில் ஒரு கை கிடக்கும் என்பதை அந்த வடிவமைப்பு கணக்கெடுக்கவில்லை.

அந்தக் காயம் ஆளைக் கொல்லக்கூடிய காயம்தான். ஆனால் இரத்தம் போய் விழ நேரம் பிடிக்கும். மூளையிலோ கழுத்துத் தண்டுவடத்திலோ பட்டால் ஒழிய ஆள் உடனே நிற்க மாட்டான். பிளாட் அந்தக் காயத்தோடுதான் மினி-14 ரைபிளால் டவ்வையும் குரோகனையும் கொன்றான். பிரேத பரிசோதனையில் இரண்டு கொள்ளையரின் உடம்பிலும் போதைப்பொருள் இருக்கவில்லை. ஆகவே "ஏதோ அடித்துவிட்டு வந்திருப்பான்" என்ற கதையை வகுப்பில் விடாதீங்கோ.

பிறகு 1987இல் எஃப்.பி.ஐ.யின் பயிற்சிக்கூடம் இருக்கும் குவாண்டிக்கோவில் காய நிபுணர்களைக் கூட்டிப் பேசினார்கள். உடம்புத் தசைக்குப் பதிலாக வைத்துச் சுடும் ஜெலற்றின் கட்டியில் சன்னம் குறைந்தது 12 அங்குலம், கூடினால் 18 அங்குலம் ஆழம் போக வேணும் என்ற அளவு அதிலிருந்து வளர்ந்தது. தடித்த உடுப்பு, தகரம், பலகை, கார்க் கண்ணாடி எல்லாவற்றுக்கும் பின்னால் வைத்தும் சுட்டுப் பார்ப்பார்கள். 10 மி.மீ. பிஸ்டல் வந்தது, பிறகு .40 அங்குல ரவை வந்தது, கடைசியில் திரும்பவும் 9 மி.மீ. சன்னம் நன்றாகச் செய்யப்பட்டால் வித்தியாசம் அற்பம் என்று கண்டார்கள். குறைந்த உதைப்பு, கூடிய ரவை, கெதியான இரண்டாவது வெடி, இவைதான் லாபம்.

உங்கட ஆக்களுக்கு என்ன ரவை கொடுக்கிறார்கள் என்று பெட்டியைப் பாருங்கோ. முழுச் செம்பு உறை போட்ட ரவை என்றால் ஆளைத் துளைத்து மற்றப் பக்கமும் போகும். பிரதான வீதியில் சனம் நிற்கும் நேரம் பின்னால் என்ன இருக்கு என்று பாராமல் சுடக் கூடாது.

கன்னியா:
ரவைக் கதையை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. கொள்ளையரின் காரை மறிக்கப்போய்க் கார்கள் மோதிய கணத்திலேயே, கையெட்டும் தூரத்தில் எடுத்து வைத்திருந்த ரிவோல்வரை மனாஸி என்ற அதிகாரி இழந்தார், ஹான்லன் என்ற அதிகாரிக்கும் அதே கதி. சண்டை தொடங்கும்போதே எட்டில் இரண்டு பேருக்குப் பிரதான துவக்கு இல்லை. மெக்நீல் என்ற அதிகாரியின் சொட்கன் பின் சீட்டில், இறங்கியபின் எட்டவில்லை. பிஸ்டல் உறைக்குள், உறை இடுப்பில். மடியிலும் வேண்டாம், சீட்டிலும் வேண்டாம்.

துணி மாதிரி வளையும் குண்டு தடுக்கும் அங்கி பிஸ்டல் சன்னத்துக்குத்தான். மினி-14 சுடும் .223 ரவைக்கும் நிற்காது, இங்கே எல்லாருக்கும் தெரிந்த ரி-56 ரைபிளின் 7.62க்கும் நிற்காது. கார்க் கதவும் ஆளை மறைக்க மட்டுமே, சன்னத்தைத் தடுக்காது. எஞ்சின் கட்டைக்கும் முன் சில்லுக்கும் பின்னால் இருங்கோ.

பிறகு ஒற்றைக் கை வேலை. மிரலெஸ் என்ற அதிகாரிக்கு இடது முன்கை எலும்பு நொறுங்கிப்போச்சு. பம்பைக் காலிடையில் வைத்து ஒற்றைக் கையால் இழுத்து 5 வெடி வைத்தார், பிறகு ரிவோல்வரால் முடித்தார். மெக்நீல் கையில் காயப்பட்டதால் ரிவோல்வரை நிரப்ப ஏலாமல் போனது. இதைப் போலி ரவையோடு பழக்குங்கோ, உண்மை ரவை அந்த அறைக்குள்ளேயே வரக் கூடாது:

மகசீனைக் கழற்றி விழவிடுவது. பிஸ்டலை முழங்கால்களுக்கிடையில் இறுக்கி, குழல் வாய் வெளிப்பக்கம் பார்க்கப் புது மகசீனைத் தட்டி ஏற்றுவது. எடுத்து, விரல் விசைக்கு வெளியே, குறிபார்க்கும் பின் குறியைப் பெல்ட்டிலோ சப்பாத்துக் குதியிலோ கொழுவித் தள்ளுவது. பின் குறியின் முன்பக்கம் சரிந்திருந்தால் வழுக்கும், அப்போது சிலைடின் மேலே, வெற்று ரவை வெளியேறும் ஜன்னல் ஓரத்தைக் கொழுவலாம். அநேகமாகப் பிழைப்பது குழல் வாய்தான்: இழுக்கும் அவசரத்தில் சொந்தத் தொடையைப் பார்க்கும். ஒவ்வொரு தடவையும் நிறுத்தித் திருத்துங்கோ.

சீனன்குடா:
கன்னியா சொன்னதோடு நானும் ஒத்துப்போறேன், அவர் ரவையைக் கொஞ்சம் இலேசாக எடுத்தாலும். பம்ப் துவக்குக்கு: ரவைக் குழாயில் ரவை, வெடிக்கும் அறை வெறுமை, சுத்தியல் விழுந்த நிலை, பாதுகாப்பு போட்டபடி. சுத்தியல் விழுந்திருந்தால் முன்பிடியை நேரே இழுக்கலாம். சுத்தியல் பின்னுக்கு இழுபட்டு நின்றால் பூட்டு விடும் பொத்தானை அமுக்கினால்தான் நகரும், பதற்றத்தில் அதைத் தேடித் துவக்கு பழுது என்று நினைப்பார்கள். அந்தப் பொத்தான் ரெமிங்டன் 870இல் விசைக் காப்பின் முன்னால், மொஸ்பெர்க்கில் பின்னால். இரண்டு ரகமும் கலந்து கொடுத்திருந்தால் ஆளுக்கு ஒன்றென்று பிரித்து விடுங்கோ. பாதுகாப்பை எடுக்க மறப்பதும் உண்டு, அதனால் இழுத்தல், பாதுகாப்பு எடுத்தல் இரண்டையும் சேர்த்தே சொல்லிப் பழக்குங்கோ.

உவர்மலை:
நல்லா விளங்குது. எங்கட வானில் சொட்கன் பின் சீட்டுக்குக் கீழேதான் கிடக்கு. சாரதிக்குப் பக்கத்தில் நிமிர்த்திப் பூட்டும் தாங்கி ஒன்று கேட்கிறேன். சாவி யாரிடம் இருக்க வேணும்?

கன்னியா:
முன் சீட்டில் இருப்பவரிடம், சங்கிலியில் கோர்த்து இடுப்பில். சாரதிக்கு வேண்டாம். அவர் வேலை வானை அந்த இடத்தை விட்டு எடுப்பது.