யூகான் பெண்கள் கூடைப்பந்து: மனதை விட்டுப் போகாத ஒரு காட்சி சொல்லுங்கள்

வெர்னன்வாசி

எல்லாருக்கும் தெரிந்த ஆட்டம்தான். 2017 மார்ச் 31, டல்லாஸ், நம் யூகானுக்கு (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) எதிரே மிசிசிப்பி ஸ்டேட். தொடர்ந்து 111 வெற்றி நம் கையில். முந்தைய வருடம் இதே அணியை 98-38 என்று வெளுத்திருந்தோம். அந்தத் தைரியத்தில் நான் மடியில் லேப்டாப்பை வைத்து ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டே அரைக் கண்ணால் பார்த்தேன். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. தூங்கப் போ என்றால் கேட்கவில்லை.

ஓவர்டைம். 64-64. கடைசி நொடிகள். அவர்கள் அணியின் மார்கன் வில்லியம், ஐந்தடி ஐந்து அங்குலம்தான், அத்தனை நெட்டையான பெண்களுக்கு நடுவே எகிறிப் போட்டாள். உள்ளே போய்விட்டது. கேமரா நேராக நம் கோச் ஜீனோ பக்கம் திரும்பியது. மனிதர் சிரித்தார். வாய் விட்டு இல்லை. டீக்கடையில் தன்னையே யாரோ கிண்டல் பண்ணி, அது நல்ல கிண்டலாகவும் இருந்துவிட்டால் ஒரு கோணல் சிரிப்பு வருமே, அது.

"தோத்துட்டு ஏம்ப்பா சிரிக்கிறாரு?"

நேரமாச்சு, போய்ப் படு என்றேன். இப்போது அவளுக்குப் 17. பள்ளி அணியில் ஆடுகிறாள். போன வாரம் ஒரே பாயிண்டில் தோற்று காரில் வழி நெடுக அழுதுகொண்டு வந்தாள். எனக்கு அந்தக் கேள்வி ஞாபகம் வந்தது. பதில்தான் வரவில்லை.

உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

ஒய்டூகே ஆசாமி

1998 ஜனவரியில் வந்தேன். ஹார்ட்ஃபோர்டில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி. பெட்டியில் இரண்டு ஸ்வெட்டர், ஒரு பிரஷர் குக்கர். கூடைப்பந்து பற்றி ஒரு எழவும் தெரியாது.

பிப்ரவரி 25, புதன்கிழமை காலை, காபி மெஷின் பக்கத்தில் ஒரே கும்பல். யூகான் ஆட்டக்காரி நைகீஷா சேல்ஸ் விஷயம். குதிகால் தசைநார் அறுந்துபோய் சீசனே முடிந்துவிட்டது. அவள் கணக்கில் 2,176 பாயிண்ட், யூகானின் பழைய ஆட்டக்காரி கெர்ரி பாஸ்கமின் சாதனை 2,177. முந்தைய நாள் வில்லனோவா ஆட்டத்தில் இரண்டு கோச்சும் பேசி வைத்துக்கொண்டு, ஆட்டம் தொடங்கியதும் கூடைக்கடியில் நின்றவள் கையில் பந்தைக் கொடுத்தார்கள். யாரும் தடுக்கவில்லை. போட்டாள். உடனே வில்லனோவாவுக்கும் ஒரு கூடை. 2-2. அவள் வெளியே போனாள், அப்புறம்தான் நிஜ ஆட்டம்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "எங்க ஊர்ல டீச்சர் தன் பிள்ளைக்கு மார்க் போடுற மாதிரி இருக்கு" என்று என் இங்கிலீஷில் எடுத்துவிட்டேன்.

பக்கத்து சீட்டு அம்மா, அறுபதை நெருங்கியவர், கோப்பையைக் கீழே வைத்தார். "ஜீனோ 1985ல வந்தப்போ நான் ஆட்டம் பார்க்கப் போயிருக்கேன். பழைய ஃபீல்டு ஹவுஸ். மழை பெஞ்சா கூரை ஒழுகும். அந்த வருஷம் 12 ஜெயிச்சு 15 தோத்தாங்க. கூட்டத்தை விரல் விட்டு எண்ணலாம். உனக்கு இந்த ரெண்டு பாயிண்ட் உறுத்துதா?"

மூன்று வாரம் பேசவில்லை. எது வேண்டுமென்றாலும் என் திரையில் மஞ்சள் சீட்டு ஒட்டிவிட்டுப் போவார். அடுத்த குளிர்காலத்தில் ஒரு நாள் சத்தமில்லாமல் மேஜையில் யூகானின் புது அரங்கமான கேம்பல் பெவிலியன் டிக்கெட் ஒன்றை வைத்தார். பனி கொட்டுகிறது என்று நான் போகவில்லை. திங்கட்கிழமை அவர் எதுவும் கேட்கவில்லை.

அந்த இரண்டு பாயிண்ட் தப்பு என்றுதான் இன்றும் சொல்வேன். டிக்கெட் விஷயம்தான் உறுத்துகிறது.

சேலத்து பாயிண்ட் கார்டு

ஒய்டூகே சார், தப்பு என்பது கேலரியில் உட்கார்ந்து பார்ப்பவர் கணக்கு. சேல்ஸ், பக்கத்து ஊரான புளூம்ஃபீல்டுப் பெண். நான்கு வருடம் ஓடியவள். பாஸ்கமுக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் செய்தார்கள். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

என் கதை சின்னது. 2023 தொடக்கத்தில் பிறந்தநாளுக்குக் கணவர் டிக்கெட் எடுத்தார். நான் ஆட்டத்தையே பார்க்கவில்லை, பெஞ்சைத்தான் பார்த்தேன். யூகான் நட்சத்திரம் பேஜ் பெக்கர்ஸ் முந்தைய ஆகஸ்டில் முட்டி ஜவ்வு கிழிந்து அந்த சீசன் முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தாள். எனக்கு 2004ல் பல்கலைக்கழக ஆட்டத்தில் அதே ஜவ்வு. "டப்" என்று சத்தம் எனக்கே கேட்டது. அப்பா முறிவெண்ணெயோடு வந்தார், கட்டு போட்டார்கள், ஆறு மாதத்தில் வரன் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். பந்து இன்னும் சேலம் வீட்டுப் பரணில் காற்றில்லாமல் கிடக்கிறது. 2025 ஏப்ரலில் சவுத் கரோலினாவை 82-59 என்று முடித்துவிட்டு அந்தப் பெண் ஜீனோவைக் கட்டிக்கொண்டபோது, நான் சமையலறை சிங்க் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

வெர்னன்வாசி, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பதினேழு வயதுப் பெண், பள்ளி அணி என்கிறீர்கள். முட்டியைக் கவனியுங்கள். இந்தக் காயம் பையன்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது. எகிறி இறங்கும்போது முழங்கால் இரண்டும் உள்பக்கம் சாய்கிறதா என்று போனில் வீடியோ எடுத்துப் பாருங்கள். இறங்கும் சத்தம் "தொம்" என்று கேட்கக் கூடாது, பூனை மாதிரி இறங்க வேண்டும். முட்டி மடங்கியிருக்க வேண்டும், விறைத்துக்கொண்டு இறங்கக் கூடாது. தொடையின் பின்பக்கத் தசைக்குத் தனிப் பயிற்சி வேண்டும், முன்பக்கம் மட்டும் செய்தால் போதாது. ஆட்டத்துக்கு முன்னால் பதினைந்து நிமிடம் வார்ம்அப், சும்மா இரண்டு ரவுண்டு ஓடுவதை நான் சொல்லவில்லை. பள்ளிக்கும் ஆடி, வார இறுதியில் கிளப்புக்கும் ஆடினால் ஒன்றை நிறுத்துங்கள். கடவுள் புண்ணியத்தில் எதுவும் ஆகாது. ஆனால் "டப்" என்று சத்தம் வந்து அன்றைக்கே வீங்கினால் வெந்நீர் ஒத்தடம், நீவுதல் எதுவும் வேண்டாம், நேராக டாக்டர். ஆபரேஷன் ஆனாலும் ஆறு மாதத்தில் இறக்கிவிடாதீர்கள், கோச் எவ்வளவு நச்சரித்தாலும் சரி. அப்புறம், இரும்புச்சத்து எவ்வளவு இருக்கிறது என்று ஒரு ரத்தப் பரிசோதனை.

நாக்ஸ்வில் தம்பி

முட்டி கிளாஸ் முடிந்ததா அக்கா? :)

எல்லாரும் ஜீனோ ஜீனோ என்கிறீர்கள். எங்கள் டென்னசி அணி இல்லாமல் யூகான் ஏது? 1995 ஜனவரி 16ல்தான் இரண்டு அணியும் முதன்முதலாக மோதின, நீங்கள் 77-66. அந்த ஏப்ரலில் இறுதி ஆட்டத்திலும் எங்களைத்தான், 70-64. உங்கள் முதல் கோப்பை, ஒரு தோல்வியும் இல்லாமல் 35-0. எங்கள் கோச் பேட் சம்மிட் கையில் மொத்தம் எட்டுக் கோப்பை, ஞாபகம் இருக்கட்டும். 2007க்கு அப்புறம் இந்த மோதலே நின்றுபோய், 2020ல்தான் மறுபடி ஆடினார்கள்.

2016 ஜூன் 28, அவர் இறந்த அன்று மாலை. லேபிலிருந்து வரும் வழியில் அவர் சிலை. அடியில் ஆரஞ்சுப் பூக்கள் குவிந்திருந்தன. நீல நிற யூகான் தொப்பி போட்ட ஒரு பெரியவர் குனிந்து ஒரு பூ வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றாமலேயே நின்றார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்க நினைத்தேன். பஸ் வந்துவிட்டது.

ஒய்டூகே ஆசாமி

பாஸ்கமைக் கேட்டார்கள் என்று எனக்கும் தெரியும் அம்மா. அப்படிக் கேட்டால் யாரால் முடியாது என்று சொல்ல முடியும்? அந்தச் சாதனையையும் பின்னால் வந்த மாயா மூர் 3,036 எடுத்து எங்கேயோ கொண்டுபோய்விட்டாள். சரி, விடுங்கள்.

மிடில்டவுன் மாமி

2001 டிசம்பரில் மாமியார் கும்பகோணத்திலிருந்து ஆறு மாதம் வந்தார். வெளியே பனி, தமிழ் சேனல் கிடையாது. அந்த நாளில் யூகான் பெண்கள் ஆட்டம் கனெக்டிகட் பப்ளிக் டிவியில் வரும். வேறு வழியில்லாமல் பார்க்க ஆரம்பித்தார். ஒரு மாதத்தில் சூ பேர்ட், ஸ்வின் கேஷ் எல்லாம் பேத்திகள் மாதிரி ஆகிவிட்டார்கள். டாராசி தப்பாகப் போட்டால் "அவசரக்குடுக்கை" என்று திட்டு. அந்த வருடம் 39-0. ஓக்லஹோமாவோடு இறுதி ஆட்டத்தன்று சீக்கிரமே விளக்கேற்றிவிட்டு, டிவிக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

82-70. முடிந்ததும், ஜெயித்த அடையாளமாகக் கத்தரித்த கூடை வலை கழுத்தில் தொங்க அந்தப் பெண்கள் குதிப்பதைப் பார்த்தபடி, "நானும் நன்னா ஓடுவேன். பன்னெண்டு வயசு வரைக்கும்" என்றார். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் எழுந்து உள்ளே போய்விட்டார், காபிப் பொடி தீர்ந்துவிட்டது என்று உள்ளேயிருந்து குரல். 2011ல் போய்ச் சேர்ந்தார். பன்னிரண்டில் என்ன ஆனது என்று ஒருநாளாவது கேட்டிருக்கலாம்.

வெர்னன்வாசி

எல்லாவற்றையும் மகளுக்குப் படித்துக் காட்டினேன். முட்டிப் பகுதியை மட்டும் போனில் படம் பிடித்துக்கொண்டாள். மாமி கதைக்குக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

எல்லாம் சரி, ஜீனோ ஏன் சிரித்தார் என்று ஒருவரும் சொல்லவில்லையே?