பாங்காக், அபிஜான் ஏ.இசட்.டி. ஆய்வுகள்: பிளாசிபோ கொடுத்தது சரியா?

கொன்றை:
076 என்று ஓர் ஆய்வு. அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்தது. எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிக்கு ஏ.இசட்.டி. என்ற எச்.ஐ.வி. மருந்தைக் கொடுத்தால் குழந்தைக்குத் தொற்றுவது 25.5 சதவீதத்திலிருந்து 8.3 சதவீதமாக இறங்குகிறது என்று 1994-ல் காட்டியது. வித்தியாசம் தெரிந்ததுமே ஆய்வை நிறுத்தி, பிளாசிபோ, அதாவது மருந்தில்லாத வெறும் மாத்திரை, வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கும் மருந்து தந்தார்கள். அமெரிக்காவில் அதுவே நடைமுறை சிகிச்சையானது. அதற்கு அப்புறம்தான் தாய்லாந்திலும் ஐவரி கோஸ்டிலும் இன்னும் பல ஆப்பிரிக்க நாடுகளிலும் குறைந்த அளவு ஏ.இசட்.டி.யை பிளாசிபோவுடன் ஒப்பிடும் ஆய்வுகள் தொடங்கின. பலவற்றுக்குப் பணம் அமெரிக்க அரசுடையது. அமெரிக்க டாக்டர்கள் பீட்டர் லூரியும் சிட்னி வூல்ஃபும் 1997 செப்டம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் இது நெறிகெட்ட வேலை என்று எழுதினார்கள். அதே இதழில் மார்சியா ஏஞ்சல் தலையங்கமே எழுதி டஸ்கீகியோடு ஒப்பிட்டார். நான் அவர்கள் கட்சி. வேலை செய்யும் மருந்து கையில் இருக்கும்போது வெறும் மாத்திரை கொடுக்க எந்த டாக்டருக்கும் உரிமை கிடையாது. மறுப்பவர்கள் வரலாம்.

கணக்கப்பிள்ளை:
டஸ்கீகி என்றதும் பாதிப் பேர் யோசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அலபாமாவில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களின் சிபிலிஸ் நோயைக் குணப்படுத்தாமல் வேடிக்கை பார்த்தார்கள். நோய் என்னவென்று அவர்களுக்கே சொல்லவில்லை, பெனிசிலின் வந்த பிறகும் தரவில்லை. அங்கே விடை தெரியவேண்டிய கேள்வியே இல்லை. இங்கே இருந்தது.

076-ல் என்னென்ன செய்யவேண்டும் என்று பாருங்கள். கர்ப்பத்தின் 14-வது வாரத்திலிருந்தே தொடங்கலாம், தினம் 5 வேளை மாத்திரை. பிரசவ வலி வந்ததும் நரம்பு வழியாக டிரிப். பிறந்த குழந்தைக்கு 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை சிரப், 6 வாரம். தாய்ப்பால் கூடாது, அதன் வழியாகவும் தொற்றும். மருந்துச் செலவு மட்டும் ஏறத்தாழ 800 டாலர். மலாவியில் ஓர் ஆளுக்கு ஒரு வருடத்துக்கு ஒதுக்கும் சுகாதாரப் பணத்தைப்போல இது 600 மடங்குக்கும் மேல் என்று அப்போது அமெரிக்க அரசின் சுகாதார நிறுவனங்களுக்குத் தலைவர்களாக இருந்த ஹெரால்ட் வார்மஸும் டேவிட் சாட்சரும் பதில் கட்டுரையில் எழுதினார்கள். எட்டாவது மாதத்தில்தான் முதல் தடவையாக ஆஸ்பத்திரிப் படியேறும் பெண்ணுக்கு 076-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது? கடைசி 4 வாரம் மட்டும் கொடுத்தால் பலன் உண்டா, இல்லையா? அதுதான் கேள்வி.

வார்டு_நம்பர்_7:
கேள்வி சரி சார், சம்மதம் வாங்கிய விதம்? ஐவரி கோஸ்டின் அபிஜானில் நியூயார்க் டைம்ஸ் நிருபர் பேசிய பெண்ணுக்கு பிளாசிபோ என்றால் என்ன என்றே தெளிவாகப் புரிந்திருக்கவில்லை. "உனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது" என்று சொன்ன கையோடு ஆய்வில் சேர்த்திருக்கிறார்கள். நான் வார்டில் வேலை பார்த்தவள். கெட்ட சேதி கேட்ட பெண் அடுத்த அரை மணிக்கு நாம் சொல்வது எதையும் காதில் வாங்கமாட்டாள். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவாள்.

நாடோடி:
மேடம், சம்மதம் வாங்கிய முறையில் கோளாறு என்றால் அதைத் திருத்தச் சொல்லுங்கள். அதற்காக ஆய்வின் வடிவமே குற்றமாகிவிடுமா? உகாண்டா டாக்டர் எட்வர்ட் எம்பிடே எழுதிய கடிதத்தை வார்மஸும் சாட்சரும் எடுத்துக் காட்டினார்கள். இவை உகாண்டாக்காரர்கள் தங்கள் நாட்டு மக்களுக்காக நடத்தும் உகாண்டா ஆய்வுகள் என்று அதில் இருந்தது. வாஷிங்டனில் உட்கார்ந்துகொண்டு "உனக்கு எது நெறி என்று நான் சொல்கிறேன்" என்பது மட்டும் என்னவாம்? தலையங்கம் பிடிக்காமல் டேவிட் ஹோவும் கேத்தரின் வில்ஃபர்ட்டும் அந்த இதழின் ஆசிரியர் குழுவிலிருந்தே விலகினார்கள். இரண்டு பேரும் எய்ட்ஸ் துறைக்காரர்கள், ஊர் பேர் தெரியாதவர்கள் அல்ல.

கொன்றை:
உள்ளூர் டாக்டர் ஒப்புக்கொண்டால் உள்ளூர்ப் பெண்ணும் ஒப்புக்கொண்டதாகிவிடாது நாடோடி.

கணக்கப்பிள்ளையாருக்கு இரண்டு விஷயம். ஒன்று, தாய்லாந்திலேயே ஹார்வர்ட் குழு ஒன்று பிளாசிபோ இல்லாமல், நீண்ட முறையையும் குறுகிய முறைகளையும் நேருக்கு நேர் ஒப்பிடும் ஆய்வை நடத்தியது. அதே அமெரிக்கப் பணம்தான். இரண்டு, நம்ம சென்னை. 1956-ல் தொடங்கிய காசநோய் ஆய்வில் சானடோரியத்தில் படுக்கவைத்து மருந்து கொடுத்தவர்களையும் வீட்டிலேயே மருந்து சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். ஏழை நாட்டுக்கு ஏற்ற மலிவான வழி இருக்கிறதா என்று தேடிய ஆய்வு அதுவும். ஒருவரையாவது மருந்தில்லாமல் விட்டார்களா?

கணக்கப்பிள்ளை:
சென்னை உதாரணம் நல்ல உதாரணம், ஆனால் உங்களுக்கு உதவாது. அங்கே இரண்டு பக்கமும் ஒரே மருந்துதான், ஐசோனியாசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும், ஒரு வருடம். மருந்து வேலை செய்யுமா என்பது கேள்வியே இல்லை. படுக்கையும் சானடோரியச் சாப்பாடும் அவசியமா என்பதுதான் கேள்வி.

இங்கே மருந்தின் அளவையே வெட்டுகிறோம். ஏ.இசட்.டி.யால் ரத்தசோகை வரும். ஏற்கெனவே ரத்தசோகையோடு வரும் பெண்களுக்கு, ஒன்றும் கொடுக்காததைவிட இது மேல்தானா என்று தெரிய வேண்டும். நீண்ட முறையோடு ஒப்பிட்டு, நீண்டதில் 8, குறுகியதில் 17 என்று வந்தால் என்ன முடிவு சொல்வீர்கள்? "076-ல் மருந்தில்லாதவர்களுக்கு 25.5, ஆகவே 17 பரவாயில்லை" என்பீர்கள். 1998-ல் பாங்காக் முடிவு வந்தது. இறுதிக் கணக்கில் பிளாசிபோவில் 18.9 சதவீதம், குறுகிய முறையில் 9.4. பிளாசிபோவிலேயே அங்கே 18.9தான்! அமெரிக்க எண்ணை வைத்து அளந்திருந்தால் உதவாத மாத்திரைக்குக்கூட விழா எடுத்திருப்போம். தாய்ப்பால் கொடுத்த அபிஜானில் பிளாசிபோவில் 3 மாதத்தில் 24.9. ஊருக்கு ஊர் மாறும் எண்ணைக் கடன் வாங்க முடியாது.

கொன்றை:
பாங்காக் எண்ணையே எடுப்போம். கிட்டத்தட்ட 400 பெண்கள். மருந்துப் பக்கம் 18 குழந்தைகளுக்குத் தொற்று, பிளாசிபோ பக்கம் 37. அந்த 19 குழந்தைகளின் கணக்கை எந்தப் பேரேட்டில் எழுதப்போகிறீர்கள்?

கணக்கப்பிள்ளை:
ஆய்வே நடக்காமல் இருந்திருந்தால் மருந்துப் பக்கத்துப் பெண்களுக்கும் மாத்திரை கிடைத்திருக்காதே, அதையும் கூட்டுங்கள்.

வார்டு_நம்பர்_7:
கிடைத்திருக்காது என்று அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது சார். நன்கொடையாக வந்த ஏ.இசட்.டி.யை தாய் செஞ்சிலுவைச் சங்கம் 1996-லேயே கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கத் தொடங்கியது. ஆய்வு நடந்துகொண்டிருந்த காலம் அது. "இந்த ஊரில் சிகிச்சை இல்லாமல் இருப்பதுதான் வழக்கம்" என்ற வாதத்துக்கு பாங்காக்கிலேயே ஓட்டை விழுந்துவிட்டது. அப்புறம், 800 டாலர் என்பது மருந்தோடு பிறந்த குணமா? கம்பெனி வைத்த விலை. பாங்காக் முடிவு வந்த சில வாரத்தில் கிளாக்சோ வெல்கம் ஏழை நாடுகளுக்கு விலையை வெட்டியது. அதை 1994-ல் வெட்டியிருக்கக் கூடாதா? விலையைக் காட்டி பிளாசிபோவை நியாயப்படுத்துவது எனக்கு ஜீரணிக்கவில்லை.

நாடோடி:
முடிவு வந்ததால்தான் விலை இறங்கியது மேடம். முடிவு வந்ததும் மற்ற இடங்களில் புதிதாக பிளாசிபோ கொடுப்பதையும் நிறுத்தினார்கள். ஐவரி கோஸ்ட் உட்பட.

கொன்றை:
நிறுத்தியதால் என்ன கெட்டுப்போனது? உகாண்டாவின் கம்பாலாவில் பிளாசிபோ பிரிவையே எடுத்துவிட்டு, நெவிரபின் என்ற இன்னொரு எச்.ஐ.வி. மருந்தையும் குறுகிய ஏ.இசட்.டி.யையும் மோதவிட்டார்கள். வலி வந்ததும் தாய்க்கு ஒரே ஒரு மாத்திரை, குழந்தைக்கு ஒரு தடவை சொட்டு மருந்து. செலவு ஏறத்தாழ 4 டாலர். 1999-ல் முடிவு: 14 முதல் 16 வாரத்தில் நெவிரபினில் 13.1 சதவீதம், ஏ.இசட்.டி.யில் 25.1. பிளாசிபோ இல்லாமலே, ஏழை நாட்டுக்கு ஏற்ற மருந்து கையில் வந்துவிட்டது.

கணக்கப்பிள்ளை:
நெவிரபின் மேல் என்று தெரிந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த 25.1-ஐ அபிஜான் பிளாசிபோவின் 24.9-க்குப் பக்கத்தில் வையுங்கள். கம்பாலாவில் ஏ.இசட்.டி. ஏதாவது செய்ததா, சும்மா இருந்ததா? அந்த ஆய்வை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லுங்கள் பார்ப்போம். நெவிரபின் இவ்வளவு தூரம் முந்தியது நம் அதிர்ஷ்டம். இரண்டும் 25-ல் வந்து நின்றிருந்தால் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்போம்.

கொன்றை:
அதிர்ஷ்டமோ என்னவோ, வெறும் மாத்திரைப் பிரிவை எடுத்துவிட்ட பிறகு கிடைத்த விடை. உலக மருத்துவச் சங்கமும் இதைத்தான் சொல்லியது. மனிதர்களை வைத்து நடத்தும் மருத்துவ ஆய்வுகளுக்கான நெறிகளைச் சொல்லும் ஹெல்சிங்கி பிரகடனத்தை 2000-ல் எடின்பரோவில் திருத்தியபோது, புதிய முறையை இப்போதுள்ளவற்றில் சிறந்த சிகிச்சையோடுதான் ஒப்பிட வேண்டும் என்று எழுதிவைத்தார்கள்.

கணக்கப்பிள்ளை:
2002-ல் அதே பத்திக்கு விளக்கக் குறிப்பு ஒன்று சேர்த்தார்களே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? வலுவான அறிவியல் காரணம் இருந்தால், நிரூபித்த சிகிச்சை இருக்கும்போதும் பிளாசிபோ கூடும் என்று.

வார்டு_நம்பர்_7:
குறிப்பும் படித்திருக்கிறேன் சார். அது வலுவான காரணமா இல்லையா என்று முடிவு செய்யும் கமிட்டியில் அபிஜான் வார்டிலிருந்து யாரை உட்கார வைத்தார்கள்?