'டெப்த் ஆஃப் ஃபீல்டு': 'தெளிவாழம்' எனலாமா?

மதிப்பிற்குரிய குழும அன்பர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள பீடோங் வட்டாரத் தோட்டங்களில் கண்ணாடி மணிகளைக் கொண்டு கழுத்தணியும் காதணியும் செய்து விற்கும் பெண்களுக்காக, அணிகலன்களைப் படமெடுப்பது பற்றித் தமிழில் ஒரு கையேடு எழுதி வருகிறேன். அதில், படத்தில் முன்பின்னாக எவ்வளவு பகுதி தெளிவாகத் தெரிகிறது என்பதைக் குறிக்கும் 'டெப்த் ஆஃப் ஃபீல்டு' என்பதற்கு எந்தச் சொல்லை ஆள்வது என்று இக்குழுமத்தில் கேட்டிருந்தேன். ஈப்போ ஐயா 'புல ஆழம்' என்றும், கிள்ளான் நண்பர் 'குவிய ஆழம்' என்றும், சிரம்பான் அம்மையார் 'கூர்மை வீச்சு' என்றும் எழுதியிருந்தீர்கள். மூவருக்கும் நன்றி. மூன்றையும் வகுப்பில் சொல்லிப் பார்த்தபின் 'தெளிவாழம்' என்ற சொல்லை முன்வைக்கிறேன். காரணங்கள் சற்று நீளும், பொறுத்தருள்க.

சொல்லுக்கு முன் பொருளைப் பார்த்துவிடலாம். 12 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள கருநீலக் கண்ணாடி மணி ஒன்று; மேலே வெள்ளைப் புள்ளிகள் சற்றுப் புடைத்து நிற்கின்றன; துளையின் வழியே வெள்ளிக் கம்பி நுழைந்து மறுபக்கம் கொக்கியாக வளைகிறது. இதை எஃப் 4 என்ற அமைப்பில் (வில்லையில், அதாவது லென்ஸில், ஒளி நுழையும் துளையின் அளவைக் குறிப்பது இந்த எண்; எண் கூடக் கூடத் துளை சுருங்கும்) நெருங்கிப் படமெடுத்தால், படக்கருவியை நோக்கியிருக்கும் ஒரு புள்ளி மட்டும் துலங்கும். அதற்கு அடுத்த புள்ளிகள் கரைந்திருக்கும். கம்பியின் கொக்கி வெறும் சாம்பல் நிறத் தீற்றலாகிவிடும். வாங்குபவர் அறிய விரும்புவதோ அந்தக் கொக்கியைத்தான்: முனை மழுங்கத் தேய்க்கப்பட்டிருக்கிறதா, காதைக் கீறுமா என்பது அங்கேதான் தெரியும். அதே மணியை எஃப் 16இல் எடுத்தால் புள்ளிகள் பெரும்பாலும் தெளிந்துவிடுகின்றன; கொக்கியும் கொக்கியாகத் தெரிகிறது. எந்தத் தொலைவிலிருந்து எந்தத் தொலைவு வரையிலான பகுதி கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறதோ, அந்த இடைவெளிதான் நாம் பெயர் தேடும் பொருள்.

அது எவ்வளவு சிறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏனெனில், இயற்கைக் காட்சிகளை எடுத்துப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். ஏபிஎஸ்-சி என்னும் நடுத்தர அளவு உணரி (ஒளியைப் படமாகப் பதியும் சில்லு) உள்ள படக்கருவியில், பொருளின் உருவம் உணரியின்மீது பாதியளவாக விழும்படி நெருங்கினால், எஃப் 4இல் தெளியும் பகுதி ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். எஃப் 8இல் 2. எஃப் 16இல்கூட 4 மில்லிமீட்டரை எட்டுவதில்லை. மணி முழுதும் எந்த அமைப்பிலும் அடங்காது என்பது இதனால் விளங்கும். எஃப் 22, எஃப் 32 என்று துளையை மேலும் சுருக்கினால் விளிம்பு விளைவு (சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவது) தலைகாட்டி, தெளிந்திருந்த பகுதியையும் சேர்த்து மழுக்கிவிடுகிறது. எஃப் 4இலிருந்து எஃப் 16க்குப் போவதற்கு விலையும் உண்டு: உள்ளே வரும் ஒளி பதினாறில் ஒரு பங்காகிவிடும், ஒளியை உள்ளே விட நொடியில் அறுபதில் ஒரு பங்கு போதுமாயிருந்த இடத்தில் கால் நொடிக்கும் மேல் தேவைப்படும். கையால் பிடித்து அதை எடுக்க இயலாது. முக்காலி, விசையை அழுத்தியபின் இரண்டு நொடி பொறுத்துத் திறக்கும் அமைப்பு ஆகியவை எல்லாம் இந்த ஒரே தேவையிலிருந்து பிறப்பவையே. ஆகவே இந்தச் சொல் கையேட்டில் பக்கத்துக்குப் பக்கம் வரப்போகிறது. சொன்னவுடன் விளங்காவிட்டால் கையேடே வீண்.

'புல ஆழம்' ஆங்கிலச் சொல்லின் நேர் பெயர்ப்பு. கலைச்சொல் பட்டியல்களிலும் இடம்பெற்றுவிட்டது. ஆனால் மின்புலம், காந்தப்புலம் என்று படித்தவர்களுக்குப் 'புலம்' என்றவுடன் விசை பரவியிருக்கும் வெளி நினைவுக்கு வருகிறது. அங்கே படக்கருவிக்கு வேலையில்லை. படிக்காதவர்களுக்கோ வேறு தொல்லை. வாட்ஸ்அப்பை நாம் இங்கே 'புலனம்' என்று அழைத்துப் பழகிவிட்டோம். 'புல ஆழத்தைக் கூட்டுங்கள்' என்றதும் வகுப்பில் ஓர் அம்மா கைப்பேசியை எடுத்துப் புலனத்தைத் திறந்துவிட்டார். குறையை அவர்மீது சுமத்த எனக்கு மனம் வரவில்லை.

'குவிய ஆழம்' என்பதை நான் மறுப்பதற்குக் காரணம் வேறு. ஒளியியலில் 'டெப்த் ஆஃப் ஃபோக்கஸ்' என்று தனியாக ஒன்று இருக்கிறது. அது வில்லைக்குப் பின்னால், உணரி முன்பின்னாக எவ்வளவு தொலைவு வரை நகர்ந்தால் படம் கெடாது என்பதைக் குறிக்கும் அளவு. நாம் பேசுவது வில்லைக்கு முன்னால், பொருள் இருக்கும் பக்கத்தில் அமையும் அளவு. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்துவிட்டால், நாளை வில்லைகளைப் பற்றித் தமிழில் எழுதவிருப்பவர் திண்டாடுவார். 'குவிய ஆழம்' அந்தப் பின்பக்கத்து அளவுக்கே உரியதாக இருக்கட்டும்.

சிரம்பான் அம்மையாரின் 'கூர்மை வீச்சு' எனக்கு மிகவும் நெருங்கி வந்த சொல். இரண்டு தயக்கங்கள்தாம். 'வீச்சு' இயற்பியலில் அலையின் உயரத்துக்கு ஆகிவிட்டது என்பது சிறியது. பெரியது 'கூர்மை' பற்றியது. கணக்குப்படி பார்த்தால் முழுக் கூர்மை ஒரே ஒரு தளத்தில் மட்டுமே இருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை மெல்ல மங்கத் தொடங்குகின்றன. அந்த மங்கலைக் கண் பொருட்படுத்தாத வரை அப்பகுதியைத் தெளிவு என்கிறோம். கைப்பேசித் திரையில் தெளிவாக இருக்கும் கொக்கி, அதே படத்தைப் பெரிய பதாகையில் அச்சிட்டால் மங்கலாகத் தெரிவதும் இதனால்தான். கூர்மை படத்தின் பண்பு. தெளிவு பார்ப்பவரின் கண்ணுக்குப் படுவது. நாம் பெயரிடும் அளவு இரண்டாவதைச் சார்ந்தது.

'ஆழம்' என்றால் கிணறுபோலக் கீழே இறங்குவதல்லவா, படக்கருவி நேரே பார்க்கும்போது பொருந்துமா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான ஐயம். ஆனால் அணிகலன் படங்களில் பெரும்பாலானவை மேசையில் கிடத்தி, மேலிருந்து எடுக்கப்படுபவை. அங்கே மணியின் உச்சியிலிருந்து மேசைத் துணி வரை உண்மையாகவே ஆழம்தான். நேர்ப்பார்வைக்கும் அது நீளும் என்று வகுப்பில் ஒருமுறை சொன்னதும் ஏற்றுக்கொண்டார்கள்.

எனக்கு இச்சொல்லின்மீது நம்பிக்கை வந்தது அதன் உறவுச் சொற்களைக் கண்டபிறகுதான். முழுக் கூர்மையுள்ள அந்த ஒற்றைத் தளத்தைத் 'தெளிதளம்' எனலாம். 12 மில்லிமீட்டர் மணி 4 மில்லிமீட்டருக்குள் அடங்காதபோது, தெளிதளத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, மென்பொருளால் ஒன்றாக்கும் 'ஃபோக்கஸ் ஸ்டாக்கிங்' முறைக்குத் 'தெளிவடுக்கு' பொருந்துகிறது. மணிகள் கோத்த சரத்தைப் படக்கருவிக்கு இணையாகக் கிடத்தும்படி சொல்ல வேண்டிய இடத்தில், 'சரம் தெளிதளத்தின்மேல் கிடக்கட்டும்' என்றால் போதும். எஃப் 8இலேயே எல்லா மணிகளின் முகப்பும் துலங்கிவிடும்.

கைப்பேசியைப் பற்றி ஒரு குறிப்பு. அதன் உணரி சிறியது என்பதால் தெளிவாழம் இயல்பாகவே கூடுதல். ஒளி நுழையும் துளையின் அளவும் பெரும்பாலான கைப்பேசிகளில் மாறாதது. 'போர்ட்ரெய்ட்' அமைப்பில் பின்னணி மங்குவது மென்பொருளின் கணக்கு. மெல்லிய கம்பியைப் பின்னணி என்று தவறாக எடுத்துக்கொண்டு அதையும் விழுங்கிவிடுகிறது. அதைக் குறுகிய தெளிவாழம் என்று அழைக்கக் கூடாது. 'செயற்கை மங்கல்' என்றே கையேட்டில் எழுதியிருக்கிறேன்.

வில்லையில் ஒளி நுழையும் அந்தத் துளைக்கு, அதாவது 'அப்பர்ச்சர்' என்பதற்கும் தனியே ஒரு முடிவு வேண்டும். 'துளையைச் சுருக்குங்கள்' என்று சொன்னால், மணி கோப்பவர்கள் மணியின் துளையைப் பார்க்கிறார்கள். இப்போதைக்கு 'ஒளித்துளை' என்று எழுதியிருக்கிறேன். 'வில்லைத்துளை' இன்னும் திட்டமாக இருக்குமோ என்றும் எண்ணுகிறேன். விளக்கின் நிறச்சாய்வைச் சரிசெய்து வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் 'ஒயிட் பேலன்ஸ்' அமைப்புக்கு வழங்கும் 'வெண்சமநிலை' பற்றி எனக்குக் குறையேதும் இல்லை. மண்டபத்துக் குழல்விளக்கையும் சன்னல் வழியே வரும் செம்பனைத் தோப்பின் பச்சை ஒளியையும் கலக்காமல், ஏதேனும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னாலே அந்தச் சொல் விளங்கிவிடுகிறது.

'தெளிவாழம்', 'தெளிதளம்', 'தெளிவடுக்கு' ஆகிய மூன்றில் எதற்கேனும் மறுப்பு இருந்தால், கையேடு அச்சுக்குப் போகும்முன் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். குறிப்பாக ஈப்போ ஐயாவின் கருத்தை எதிர்பார்க்கிறேன். 'ஒளித்துளை', 'வில்லைத்துளை' வழக்கைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.

அன்புடன்,
பீடோங்கிலிருந்து